நாம்சே பஜாரில் லாட்ஜ் எடுக்கும்போது: முதலில் சாப்பாட்டுக் கூடம், அப்புறம் அறை

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஷூவைப் பற்றி. அடுத்தது ஜாக்கெட். போகும் வழியில், நேபாள மலையில் இருக்கும் ஊரான நாம்சே பஜாரில் எப்படிப்பட்ட லாட்ஜில் தங்கலாம், தங்கி என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் முதல் கேள்வி. மேலே டிங்போச்சே, லோபுச்சே என்று ஏறும்போது உடம்பு ஒத்துழைக்குமா, பாதியில் திரும்ப நேருமா என்பது பெரும்பாலும் நாம்சேயில் நீங்கள் எப்படிச் சாப்பிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள் என்பதில் இருக்கிறது.

நான் மதுரையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மலை மேல் ஆசை வந்தது ஐம்பது வயதுக்கு அப்புறம். பெரிய ஹோட்டல்களில் தங்கும் வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை. ஷெர்பா குடும்பங்கள் நடத்தும் சாதாரண லாட்ஜ்களில்தான் தங்குவேன். இங்கே எழுதுவது எல்லாம் அந்த மாதிரி இடத்துக்குத்தான்.

நாம்சே 3,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான் என்று நினைத்துப் பாருங்கள். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்தக் கணக்குத்தான். உயர மலையில் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி ஒன்று உண்டு: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். லுக்லாவில் (2,860 மீட்டர்) விமானம் இறங்கியதும் பலர் பாக்டிங்கில் (2,610 மீட்டர்) முதல் இரவு தங்கி, மறுநாள் நேராக நாம்சே ஏறுகிறார்கள். ஒரே நாளில் 830 மீட்டர். அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு என்பது எல்லா வழிகாட்டிகளும் கடைப்பிடிக்கும் வழக்கம். அந்த இரண்டாவது இரவை மிச்சம் பிடிக்கலாமா என்று யாராவது கேட்டால், வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

காலை விமானத்தில் லுக்லா சேர்ந்துவிட்டால் பாக்டிங்கில் நிற்காமல் மோஞ்சோ (2,835 மீட்டர்) வரை நடந்துவிடுவது எனக்குப் பிடிக்கும். அப்படிச் செய்தால் மறுநாள் ஹில்லாரி தொங்குபாலத்துக்கு அப்பால் வரும் அந்த ஏறக்குறைய 600 மீட்டர் செங்குத்து ஏற்றத்தைக் காலையில், கால் தளராமல் ஏறலாம். நண்பகலுக்கு நாம்சே வந்துவிடலாம். நண்பகலில் வருவதில் இன்னொரு லாபம்: லாட்ஜ்களில் முந்தின இரவு தங்கியவர்கள் கிளம்பியிருப்பார்கள், அறைகள் துடைத்துக் காலியாக இருக்கும், வெயிலும் இருக்கும். மூன்று மணிக்கு மேல் வந்தால், அதுவும் அக்டோபரில், கிடைத்த அறைதான். அக்டோபரிலும் ஏப்ரலிலும் போகிறவர்கள் வழிகாட்டி மூலமாகவோ மோஞ்சோ லாட்ஜ்காரர் மூலமாகவோ முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். அவர்களுக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். இந்தியர்களுக்கு நேபாளத்துக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது. அதே அட்டையை மோஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்கா அலுவலகத்திலும் கேட்பார்கள். பூங்காக் கட்டணத்தில் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குச் சலுகை உண்டு, அதனால் அட்டையை மூட்டையின் அடியில் வைக்காதீர்கள். இரண்டாவது, பணம். நேபாள ரூபாயாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1993-இலிருந்து ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்று நிலையாக இருப்பதால் கணக்குப் போடுவது சுலபம். நாம்சேயில் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் இணையமும் மின்சாரமும் தடைபடும் ஊரில் அதை நம்பி மேலே போகக் கூடாது. திரும்பும்போது லுக்லாவில் மேகம் மூடி விமானம் ஓரிரு நாள் நின்றுவிடுவது சகஜம். அந்த நாட்களுக்கான சாப்பாட்டுப் பணமும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.

சரி, ஊருக்குள் வந்தாயிற்று. குதிரை லாட வடிவில் மலைச்சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், எதிரே கோங்டே சிகரம், நுழைவாயிலில் ஸ்தூபியும் தண்ணீரில் சுழலும் பிரார்த்தனை உருளைகளும். எந்த அடுக்கில் தங்குவது? கீழ் அடுக்கில் கடைத்தெருச் சத்தம், கோவேறு கழுதை மணிச் சத்தம். மேல் அடுக்கில் அமைதியும் காட்சியும், ஆனால் ஒவ்வொரு முறை மருந்துக் கடைக்கோ கடைத்தெருவுக்கோ போய் வரும்போதும் கல் படிகள். முதல் நாள் களைப்பில் அந்தப் படிகளில் ரொம்பவே மூச்சு வாங்கும். நடு அடுக்கு எனக்கு ஒத்துவருகிறது.

லாட்ஜுக்குள் போனதும் 'ரூம் காட்டுங்கள்' என்று மாடிக்கு ஏறாதீர்கள். முதலில் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு டீ கேளுங்கள். ஏன் என்று சொல்கிறேன். இந்த லாட்ஜ்களில் அறைக்குள் சூடு கிடையாது. பிளைவுட் தடுப்பு, இரண்டு கட்டில், ஃபோம் மெத்தை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். வீட்டில் சூடான இடம் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். மாலையில் நடுவில் இருக்கும் இரும்பு அடுப்பைப் பற்றவைப்பார்கள், எல்லோரும் அதைச் சுற்றி உட்காருவார்கள். மதியம் முதல் இரவு எட்டு மணிவரை நீங்கள் இருக்கப்போவது அங்கேதான். சாப்பாடும் வெந்நீரும் அங்கே கிடைக்கும், செல்போன் சார்ஜும் பெரும்பாலும் அங்கேதான். மேலேயிருந்து இறங்கி வந்தவர்கள் சொல்லும் பாதை நிலவரமும் அங்கேதான் காதில் விழும். உங்கள் முகம் வாடியிருப்பதை இன்னொருவர் கவனிப்பதும் அந்தக் கூடத்தில்தான். நோய் வந்தவருக்குத் தன் நோய் தெரியாத உயரம் இது, ஆகவே கவனிக்க ஆள் இருக்கும் இடம் முக்கியம்.

டீ வரும்வரை சுற்றிப் பாருங்கள். சன்னல் பெரிதாக, வெயில் விழும்படி இருக்கிறதா? அடுப்பின் புகைக்குழாய் இடுக்கில்லாமல் கூரைக்கு மேல் போகிறதா? சமையலறைக் கதவு திறந்திருக்கிறதா? வழிகாட்டிகளும் போர்ட்டர்களும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? நேபாளிகள் நிறைய பேர் சாப்பிடும் லாட்ஜில் பருப்பும் கீரையும் அன்றைக்குச் செய்ததாக இருக்கும். லாட்ஜ்கார அம்மா இரண்டு வார்த்தை நின்று பேசுகிறாரா என்றும் பாருங்கள். அவரை 'தீதி' என்று கூப்பிடுங்கள், நம் ஊரில் அக்கா என்பதுபோல. ஆண்களை 'தாஜு'. இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு எல்லோருக்கும் புரியும்.

அப்புறம் வாடகை. இங்கே அறை வாடகை மலிவு. ஒரு தட்டு தால் பாத்தின் (பருப்பும் சோறும்) விலை பல சமயம் ஓர் இரவு வாடகைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். லாட்ஜ் நடப்பது சமையலறை வருமானத்தில். அதனால் 'இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் இங்கேயே' என்பது எழுதப்படாத ஒப்பந்தம். வெளியே சாப்பிட்டால் வாடகையைப் பல மடங்கு உயர்த்துவார்கள், அது நியாயமும்கூட. லுக்லாவுக்கு மேலே வண்டி ஓடும் சாலை கிடையாது. நீங்கள் சாப்பிடும் அரிசியும் பருப்பும் சமையல் கேஸும் மனித முதுகிலோ, கோவேறு கழுதையிலோ, ஜோப்கியோ எனும் யாக்-மாடு கலப்பினத்தின் மேலோ வந்திருக்கும். வாடகையில் பேரம் பேசலாம், சாப்பாட்டு விலையில் பேரம் பேசாதீர்கள். பேக்கரியில் ஒரு கேக், மதியம் வேறு இடத்தில் ஒரு சூப் என்பதையெல்லாம் யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வாடகையோடு இவற்றையும் அப்போதே கேட்டுவிடுங்கள்: வெந்நீர்க் குளியல், சார்ஜ், வைஃபை, குடிக்கக் காய்ச்சிய தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு உண்டா? பெரும்பாலும் உண்டு. முன்னாலேயே தெரிந்தால் பிறகு மனத்தாங்கல் இல்லை.

அறை பார்க்கும்போது நான் கவனிப்பது சில விஷயங்கள்தான். காலை வெயில் விழும் பக்கமா? கழிவறைக்கு ஒட்டிய அறை வேண்டாம், இரவு முழுக்கக் கதவுச் சத்தமும் வாடையும் இருக்கும். அதற்காகத் தாழ்வாரத்தின் மறுகோடியும் வேண்டாம், இரவில் நீங்களே இரண்டு மூன்று முறை எழுந்து போகப்போகிறீர்கள். சமையலறைக்கு மேலே இருக்கும் அறை கொஞ்சம் கதகதப்பு, ஆனால் விடியும் முன் பாத்திரச் சத்தம் தொடங்கிவிடும். சன்னல் முழுதாகச் சாத்துகிறதா, மெத்தையில் ஈரம் இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். கதவில் கொண்டி போட்டிருப்பார்கள். சொந்தமாக ஒரு சின்னப் பூட்டு வைத்திருந்தால் நிம்மதி. 'சிரக்' என்கிற கனத்த மெத்தைப் போர்வை இருக்கிறதா, எத்தனை கிடைக்கும் என்று அப்போதே கேளுங்கள். கூட்ட நாளில் ராத்திரி எட்டு மணிக்குக் கேட்டால் மீதி இருக்காது. ஸ்லீப்பிங் பேக் கட்டாயம் வேண்டும். வாங்க வேண்டியதில்லை, காத்மாண்டு தமேலில் வாடகைக்குத் தருகிறார்கள். உள்ளே விரிக்க ஒரு பருத்தித் துணி உறை தைத்துக்கொண்டால் சுத்தத்துக்கு சுத்தம், சூட்டுக்கு சூடு.

சாப்பாடு. எனக்கு எப்போதும் தால் பாத்தான். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கீரை, ஊறுகாய், அப்பளம். கேட்கக் கேட்கப் போடுவார்கள். சோற்றுக்குப் பழகிய நமக்கு இதைவிடப் பொருத்தமானது அங்கே இல்லை. இந்த உயரத்தில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் சோறு குக்கரில்தான் வேகும், பருப்புக்கும் நேரம் எடுக்கும். ஆகவே ஐந்து மணிக்கே சொல்லிவிடுங்கள். சமையலறையில் இரண்டு மூன்று அடுப்புதான். எட்டுப் பேர் எட்டு விதமாகக் கேட்டால் கடைசித் தட்டு வரும்போது முதலில் சாப்பிட்டவர் தூங்கப் போயிருப்பார். எல்லோரும் ஒன்றையோ இரண்டையோ சேர்ந்து சொல்வது உங்களுக்கும் நல்லது, கேஸுக்கும் நல்லது. ஒரு மாற்றம் வேண்டுமென்றால் கும்பு (எவரெஸ்ட்டை ஒட்டிய இந்தப் பகுதியின் பெயர்) உருளைக்கிழங்கைக் கேளுங்கள். தோலோடு வேகவைத்து மிளகாய்த் துவையலோடு தருவார்கள், அத்தனை ருசி. துருவிய உருளைக்கிழங்கில் சுடும் ரிகி குர், காய்கறியும் மாவுத் துண்டுகளும் போட்ட ஷ்யாக்பா எனும் குழம்புச் சூப் இரண்டும் குளிருக்கு நல்லது.

இறைச்சி வேண்டாம். கும்புப் பகுதியில் பௌத்த மரபுப்படி விலங்குகளைக் கொல்வதில்லை. மெனுவில் இருக்கும் சிக்கனும் எருமையும் கீழேயிருந்து முதுகில் சுமந்து, வெயில் பட்டு வந்தவை. வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பு நீரை இழக்கும், நடை அங்கேயே நின்றுவிடும். அசைவம் விரும்பிச் சாப்பிடுகிற என் தோழிகளையும் லுக்லாவைத் தாண்டியதும் நான் விடுவதில்லை.

உயரம் ஏறினால் பசி செத்துவிடும். அதற்காக நான் எடுத்துப்போவது பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், கடலை மிட்டாய். தீதியிடம் காட்டி, கேட்டுவிட்டு அவர்கள் சோற்றிலேயே போட்டுச் சாப்பிடுவேன். அவர்களுக்கும் ஒரு கரண்டி. அறைக்குள் சொந்தமாக அடுப்பு மூட்டி நூடுல்ஸ் செய்வதை மட்டும் செய்யாதீர்கள். பிளைவுட் சுவர், மூடிய சன்னல். தீப்பிடிப்பது ஒரு ஆபத்து, கார்பன் மோனாக்ஸைடு அதைவிடப் பெரிய ஆபத்து. பூண்டு சூப் உயர நோயைத் தடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். தடுக்கும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் சூடு, உப்பு, தண்ணீர் மூன்றும் உள்ளே போகிறது, அதனால் தினமும் குடிக்கிறேன். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தமாக்கும். இறங்கி வரும்வரை இரண்டும் வேண்டாம்.

தண்ணீர் நாளைக்கு மூன்று லிட்டராவது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. காய்ச்சிய தண்ணீரை பிளாஸ்க் கணக்கில் விற்பார்கள், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வாங்குவதைத் தவிருங்கள். கண்ணாடி பாட்டில்களை 1998-இலேயே அந்தப் பகுதியில் தடை செய்துவிட்டார்கள். குப்பையைக் கீழே இறக்குவது இங்கே எவ்வளவு பெரிய வேலை என்பது அதிலிருந்தே தெரியும். டீயையும் கோப்பையாக வாங்காமல் நாலைந்து பேராகச் சேர்ந்து பிளாஸ்க்காக வாங்கினால் மலிவு.

குளிப்பதா? முதல் நாள் வேண்டாம் என்பேன். இரண்டாம் நாள் மதியம், வெயில் இருக்கும்போது குளியுங்கள். தலைக்குக் குளித்தால் மூன்று மணிக்குள் காய்ந்துவிட வேண்டும். சூரியன் மலைக்குப் பின்னால் போன அந்தக் கணமே குளிர் இறங்கிவிடும். குளியலறையில் கேஸ் கீசர் உள்ளேயே மாட்டியிருந்தால் சன்னலையோ காற்றோட்டத் துளையையோ திறந்துவைத்துவிட்டுச் சீக்கிரம் முடியுங்கள். தலை சுற்றினால் உடனே கதவைத் திறந்து வெளியே வாருங்கள். 'குளிர் வரும்' என்று துளையை அடைத்துக் குளிப்பவர்களைப் பார்த்து எனக்குப் பதறியிருக்கிறது.

கழிவறையில் டிரம்மில் தண்ணீரும் ஒரு ஜக்கும் இருக்கும். நமக்குப் பழக்கமானதுதான். காகிதம் பயன்படுத்தினால் கூடையில் போடுங்கள், குழிக்குள் போடாதீர்கள். டிசம்பரில் டிரம்மின் மேல் பனிக்கட்டி உறையும், தரையில் சிந்திய தண்ணீரும் உறைந்து வழுக்கும். ரப்பர் அடி உள்ள செருப்பும் தலையில் கட்டும் டார்ச்சும் இல்லாமல் இரவில் போகாதீர்கள். பெண்களுக்கு: சானிட்டரி நாப்கின் போதுமான அளவு கீழேயிருந்தே எடுத்து வாருங்கள். நாம்சேக்கு மேலே கிடைப்பது அரிது. பயன்படுத்தியதைப் பையில் கட்டி லாட்ஜில் எங்கே போடுவது என்று தீதியிடம் நேரடியாகக் கேளுங்கள். அவர்கள் இதில் கூச்சம் பார்ப்பதில்லை, நாமும் பார்க்க வேண்டாம்.

அடுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷெர்பா வீட்டில் அடுப்பு நெருப்பு புனிதமானது. மிட்டாய்க் காகிதம், மூக்கு துடைத்த டிஷ்யூ, எச்சில் எதையும் அதில் போடாதீர்கள். ஈரக் காலுறையை அடுப்பின் மேல் தொங்கவிடுவதும் வேண்டாம். பக்கத்தில் கயிறு கட்டியிருப்பார்கள், கேட்டுவிட்டு அதில் போடலாம். விறகுக்கும் பூங்காக் கட்டுப்பாடு இருப்பதால் அடுப்பு மாலையில்தான் எரியும். மதியமே மூட்டச் சொல்லிக் கேட்காமல், இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இரவு. முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்று தயாராக இருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சாகத் தொடங்கும். உங்களுக்கும் அப்படி ஆகி, மூச்சு முட்டி விழித்துக்கொள்வீர்கள். ஆக்சிஜன் குறைவால் நாம் வேகமாக மூச்சு விடுகிறோம், அதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது, மூச்சு விடு என்று மூளைக்குத் தூண்டுதல் தருவது அந்தக் கார்பன் டை ஆக்ஸைடுதான். தூண்டுதல் குறையும்போது மூச்சு சற்று நிற்கிறது, மறுபடி ஏறியதும் தொடங்குகிறது. பயப்பட வேண்டாம். வேறு அறிகுறி இல்லாமல் இது மட்டும் இருந்தால் அது நோய் இல்லை. தலையணையை இரட்டையாக்கிச் சற்று உயர்த்திப் படுத்தால் ஆறுதலாக இருக்கும். சிறுநீர் அடிக்கடி போவதும் உடம்பு உயரத்துக்குப் பழகுவதன் பகுதிதான். எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று மாலையில் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள்.

படுக்கும் முன் உங்கள் பாட்டிலில் வெந்நீர் வாங்கி இறுக மூடி, ஒரு காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வையுங்கள். காலையில் அதுவே குடிதண்ணீர். செல்போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாம் உள்ளேயே இருக்கட்டும், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். மறுநாள் போடும் உள்ளாடையையும் காலுறையையும் உள்ளே வைத்தால் காலையில் நடுங்காமல் உடுத்தலாம். முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொள்ளாதீர்கள், மூச்சின் ஈரம் பையை நனைத்துவிடும். தலைக்குக் கம்பளிக் குல்லாய் போதும். சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். பிளைவுட் சுவருக்கு அப்பால் பேசும் ரகசியம்கூடக் கேட்கும், காதடைப்பான் எடுத்து வாருங்கள், நீங்களும் மெதுவாகப் பேசுங்கள்.

இரண்டாம் நாள் ஓய்வு என்றால் படுத்துக்கிடப்பது இல்லை. காலை உணவுக்குப் பிறகு மெதுவாக ஸ்யாங்போச்சே ஏறி, 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை போங்கள். வானம் தெளிந்திருந்தால் எவரெஸ்ட், லோட்சே, அமா தப்லம் மூன்றும் தெரியும். அங்கே தங்குவது நம் பட்ஜெட் இல்லை, ஆனால் மொட்டைமாடியில் ஒரு டீ குடிக்கலாம். தெம்பு இருந்தால் அப்படியே கும்ஜுங் இறங்கி, ஹில்லாரி 1961-இல் தொடங்கிய பள்ளியைப் பார்த்துவிட்டு நாம்சே திரும்பலாம். பக்கத்துக் குந்தே கிராமத்தில் 1966-இல் அவர் உதவியோடு கட்டிய மருத்துவமனை இன்றும் நடக்கிறது. ஒரு செவிலியாக அந்தக் கட்டடத்தைப் பார்த்தபோது எனக்குக் கும்பிடத் தோன்றியது. உயரே போய்விட்டு வந்து தாழ்வில் தூங்கினால் உடம்பு வேகமாகப் பழகும் என்பதற்காகத்தான் இந்த நடை. உங்கள் இரண்டு இரவுகளில் ஒரு சனிக்கிழமைக் காலை அமைந்தால் சந்தையை விட்டுவிடாதீர்கள். கீழ்க் கிராமங்களிலிருந்து சுமந்து வந்த காய்கறியும் அரிசியும் முட்டையும் விற்பார்கள்.

மாலையில் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உடன் வந்தவர்களிடம் நான் வார்டில் கேட்பதுபோலவே கேட்பேன். தலை வலிக்கிறதா? சாப்பாடு இறங்கியதா? வாந்தி வருகிறதா? சிறுநீர் போனீர்களா, என்ன நிறம்? லேசான தலைவலி பலருக்கும் வரும். தண்ணீர் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டுச் சரியானால் பிரச்சினை இல்லை. தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், சோர்வு சேர்ந்தால் அது உயர நோய், மறுநாள் மேலே ஏறக் கூடாது. மூன்றாவது இரவும் நாம்சேதான். சந்தேகம் இருந்தால் தரையில் ஒரு நேர்கோட்டில் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால், பேச்சு குழறினால், நடந்துகொள்வது மாறினால், அது மூளையில் வீக்கம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல், நுரைத்த சளி என்றால் நுரையீரலில் நீர். இந்த இரண்டுக்கும் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஆள் துணையோடு டார்ச் வைத்துக்கொண்டு இரவானாலும் கீழே இறங்க வேண்டும். லாட்ஜ்காரரை எழுப்புங்கள். அவர்கள் இதைப் பார்த்துப் பழகியவர்கள், யாரை அழைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியை எல்லோரும் எடுத்துவருகிறார்கள். நாம்சேயில் அது 90-க்குக் கீழே, 80-களின் பிற்பகுதியில் காட்டுவது சாதாரணம். எண்ணைப் பார்த்துப் பதறுவதும் தப்பு, எண் நன்றாக இருக்கிறதே என்று வாந்தி எடுப்பவரை மேலே கூட்டிப்போவது அதைவிடத் தப்பு. அசெட்டசோலமைடு மாத்திரையை (டயமாக்ஸ்) ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அதைப் போட்டால் விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் இன்னும் கூடும்.

போர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் எங்கே தூங்குகிறார், எப்போது சாப்பிட்டார் என்று தினமும் கேளுங்கள். போர்ட்டர்களில் பலர் தாழ்வான மாவட்டங்களிலிருந்து வரும் ராய், தமாங் சமூகத்தினர். ஷெர்பாக்களைப்போல உயரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. அவர்களுக்கும் தலை வலிக்கும், வாந்தி வரும், வேலை போய்விடுமோ என்று சொல்லமாட்டார்கள். விருந்தினர் சாப்பிட்டு முடித்த பிறகே அவர்கள் சாப்பிடுவது அங்கே வழக்கம், அதனால் நீங்கள் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்தால் அவர்களும் சீக்கிரம் படுப்பார்கள். கையுறை, கண்ணாடி, நல்ல ஷூ இருக்கிறதா என்று நாம்சேயில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் கடைத்தெருவில் வாங்கித் தரலாம், மேலே போனால் வாங்கக் கடை அரிது.

கிளம்பும் முந்தின இரவே காலை உணவுக்கு என்ன, எத்தனை மணிக்கு என்று சொல்லி, கணக்கையும் முடித்துவிடுங்கள். தீதி ஒரு நோட்டில் அறை எண் போட்டு ஒவ்வொரு டீயையும் எழுதி வைத்திருப்பார். உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். அவசரமாகக் காலை ஏழு மணிக்குப் பத்து அறைக்காரர்கள் முண்டும்போது தப்பு வந்தால் இருவருக்கும் சங்கடம்.

அதே நேரத்தில் இறங்கும்போதும் இங்கேயே தங்குவதாகச் சொல்லி, தேதியை அந்த நோட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மேலே தேவைப்படாத துணி, கூடுதல் புத்தகம், கீழே போடும் செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, பெயரும் திரும்பும் தேதியும் எழுதிக் கொடுத்தால் பத்திரமாக வைத்திருப்பார்கள், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. பணம், பாஸ்போர்ட், மருந்து மூன்றையும் அந்தப் பையில் விடாதீர்கள். திரும்பி வரும் இரவில் நன்றாகக் குளித்து, இரண்டு தட்டு தால் பாத் சாப்பிட்டு, சீக்கிரம் படுங்கள். நாம்சேயிலிருந்து லுக்லா ஒரே நாளில் போக முடியும், ஆனால் கடைசியில் ஏற்றம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டால் இருட்டும் முன் சேர்ந்து, மறுநாள் விமானத்துக்குப் பெயரை உறுதி செய்துகொள்ளலாம்.